அம்பாசடருக்கு டர்போ: ஒரு கேள்வியும் கொஞ்சம் வரலாறும்

நம் குடியிருப்பின் தரைத்தளக் கார் நிறுத்தத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கடைசி இடத்தில், துணி போர்த்தி நிற்கும் வெள்ளை அம்பாசடரைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. 1974-ஆம் வருடத்து மார்க் 2. பி பிளாக் குடும்பத்தில் தாத்தா வாங்கிய வண்டி. சாயல்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் எத்தனை கல்யாணம், எத்தனை ஆஸ்பத்திரி அவசரம் என்று ஓடியது. இப்போது பேரன் கையில் இருக்கிறது. போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது அந்தத் தம்பி என்னிடம் வந்து, "அங்கிள், இதுக்கு ஒரு டர்போ போட்டா என்ன? எஞ்சின் அப்படியே இருக்கட்டும். டர்போ மட்டும்" என்றார்.

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கேட்டுப் பார்த்த கேள்வி அது. நம் மதுரை, சென்னை, கோவை ஆட்களும் வேறு வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இந்த இதழுக்கு எழுதித் தருகிறேன்.

முதலில் டர்போ என்பது என்ன என்று ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோலை வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டும். எஞ்சின் ஒரு தடவை இழுக்கும் மூச்சில் எவ்வளவு காற்று வருகிறதோ அவ்வளவுதான் சக்தி. சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போகும் புகையில் இன்னும் நிறைய சக்தி மிச்சம் இருக்கிறது. அந்தப் புகையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்து, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளினால் அதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இருபது வருடம் கழித்து, 1925-இல், பத்து சிலிண்டர் டீசல் எஞ்சினில் அதை ஒழுங்காக வேலை செய்ய வைத்தார். அந்த எஞ்சினின் திறன் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 ஆனது. நடுவில் 1918-இல் அமெரிக்காவில் சான்போர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை பைக்ஸ் பீக் மலைமேல் சுமார் 14,000 அடி உயரத்துக்கு ஏற்றி, காற்று மெலிந்த இடத்திலும் டர்போ வைத்தால் எஞ்சின் தரையில் கொடுக்கிற சக்தியைக் கொடுக்கும் என்று காட்டினார். கப்பலுக்கு ஆயிற்று, விமானத்துக்கு ஆயிற்று. காருக்கு வரத்தான் ரொம்ப நாள் ஆனது.

நம் பக்கத்துக்கு டர்போ ரயிலில்தான் வந்தது என்று சொல்லலாம். பாம்பன் பாலம் 2007-இல் அகலப்பாதை ஆவதற்கு முன்னால், மீட்டர் கேஜ் வண்டிகளை இழுத்த ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின்களை ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு, ஆறு சிலிண்டர், டர்போ வைத்தது, சுமார் 1,300 குதிரைத்திறன். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது கருகருவென்று ஒரு புகை கக்கும். கொஞ்ச தூரம் போனதும் புகை வெளுத்துவிடும். டிரைவர் டீசலைக் கூட்டியவுடன் டீசல் உள்ளே போய்விடுகிறது, டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளுவதற்குச் சில நொடி ஆகிறது. அந்தச் சில நொடியில் எரியாத டீசல்தான் அந்தக் கரும்புகை. இன்றைக்கு 'டர்போ லேக்' என்று யூடியூபில் பேசுகிறார்களே, அதை நாம் ரயில் ஜன்னல் வழியாகக் கண்ணில் கரி விழ விழப் பார்த்தவர்கள்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் புதிதாக ஒன்றை மாட்டும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? நான் படித்தவரையில் பெரிய அளவில் நடந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் ஓட வேண்டும். மதுரையில் 1912-இலேயே பஸ் விட்டிருந்த டி.வி.எஸ். நிறுவனம், கரிவாயுக் கலன் செய்து வண்டிகளுக்கு மாட்டிக் கொடுத்தது. பின்பக்கம் ஒரு பெரிய உருளை. அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, போதாத காற்றில் புகையவிட்டால் வருகிற வாயுவை வடிகட்டிப் பெட்ரோல் எஞ்சினுக்குள் விடுவார்கள். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் சத்துக் குறைவு. சக்தி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கரிவாயு பஸ் டர்போவுக்கு நேர் எதிர்: ஒன்று எஞ்சினைப் பட்டினி போடுகிறது, மற்றது அளவுக்கு மேல் ஊட்டுகிறது. பட்டினி போட்டால் எஞ்சின் சோர்ந்து போகுமே தவிர உடையாது. அளவுக்கு மேல் ஊட்டும்போதுதான் எங்கே உடையும் என்ற கவலை.

இதில் ஒரு சுவையான தொடர்ச்சி இருக்கிறது. அதே டி.வி.எஸ். குடும்பத்திலிருந்து வளர்ந்தவைதான் சுந்தரம் பைனான்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும். அவை இரண்டும் ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனத்தோடு சேர்ந்து 1982-இல் சென்னையில் டர்போ எனர்ஜி என்ற கம்பெனியைத் தொடங்கின. லாரி, பஸ், டிராக்டர், பிறகு கார் என்று டர்போ செய்து கொடுக்கும் கம்பெனி. கரிப்புகைக் கலன் மாட்டிய வீடு, நாற்பது வருடத்தில் டர்போ செய்யும் வீடு ஆயிற்று. ஆனால் அந்த டர்போக்கள் டர்போவுக்காகவே வடிவமைத்த டீசல் எஞ்சின்களுக்குப் போனவை. பழைய எஞ்சினில் சும்மா மாட்டுவதற்கு அல்ல.

இனி நம் அம்பாசடர். 1957-இல் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்ட் காரை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கியது. முதலில் வால்வு பக்கவாட்டில் இருந்த பழைய எஞ்சின். 1959-இல் வால்வு மேலே இருக்கும் 1,489 சி.சி. எஞ்சின் வந்தது. பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் என்று அதற்குப் பெயர். சுமார் 50 முதல் 55 குதிரைத்திறன். தாத்தா வண்டியில் இருப்பது இதுதான்.

இந்த எஞ்சினை யாரும் லேசாக எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்று ஓர் அழகான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. 1955-இல் வந்தது. அதன் எஞ்சினும் இதே 1,489 சி.சி. பி-சீரிஸ்தான். அதில் ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு, கம்ப்ரஷன் கொஞ்சம் அதிகம், மூச்சுவிட வசதியான ஹெட். 72 குதிரைத்திறன் வரை கொடுத்தார்கள். அண்ணன் லண்டனில் ஸ்போர்ட்ஸ் காரில், தம்பி ராமநாதபுரத்தில் வாடகைக் காரில்.

இதைவிடப் பெரிய கதை 1957 ஆகஸ்டில் நடந்தது. அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில், கண்ணீர்த்துளி மாதிரி உருவம் கொண்ட ஈ.எக்ஸ்.181 என்ற எம்.ஜி. காரை ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டினார். மணிக்கு 245 மைல், அதாவது சுமார் 395 கிலோமீட்டர். எஞ்சின் கொள்ளளவு? 1,489 சி.சி. அம்பாசடர் எஞ்சினின் பிளாக் வம்சம்தான். அதன் மேல் இரட்டை கேம் தண்டு கொண்ட அலுமினிய ஹெட்டும், க்ராங்கால் ஓட்டப்படும் ஒரு சூப்பர்சார்ஜரும் வைத்திருந்தார்கள். டர்போவும் சூப்பர்சார்ஜரும் காற்றைத் திணிக்கும் வேலையில் ஒன்றுதான். ஒன்று புகையால் சுற்றும், மற்றது எஞ்சினாலேயே சுற்றும். கிடைத்தது சுமார் 290 குதிரைத்திறன். அம்பாசடர் பிறந்த அதே வருடம் இது. மாரியூர்–வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வாழும் நமக்கு, உப்புத் தரைமேல் நடந்த இந்தச் சாதனை கொஞ்சம் நெருக்கமாகத் தோன்றினால் தப்பில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா அங்கிள், 290!" என்றார். அங்கேதான் நிறுத்திச் சொன்னேன். பிளாக் வம்சம் ஒன்றே தவிர, ஹெட் வேறு, உள்ளே இருந்த சாமான் வேறு, எரிபொருள் வேறு. ஓட வேண்டிய தூரமோ சில மைல்தான். அம்பாசடர் எஞ்சினில் க்ராங்க் தண்டை மூன்று பேரிங்தான் தாங்குகின்றன. நாலு சிலிண்டருக்கு மூன்று. எம்.ஜி. கம்பெனியே 1,798 சி.சி.க்கு வளர்த்த பிறகு, 1964-இல், ஐந்து பேரிங்குக்கு மாறியது. அடுத்தது ஹெட். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளே காற்று வர இரண்டே வாய், புகை வெளியேற மூன்றே வாய். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாய் வழியாகப் புகையை விடுகின்றன. அதனால் நடுப்பகுதி எப்போதும் அதிகச் சூடு. டர்போ போட்டால் முதலில் வேகும் இடம் அதுதான்.

ஒரு விஷயம் மட்டும் டர்போவுக்குச் சாதகம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நம் நாட்டுப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதால் அம்பாசடரின் கம்ப்ரஷன் விகிதத்தை 7-க்குச் சற்று மேலேயே வைத்திருந்தார்கள். டர்போ போடுகிறவர்கள் முதலில் செய்வது கம்ப்ரஷனைக் குறைப்பதுதான். இல்லாவிட்டால் அமுக்கிய காற்றின் சூட்டில் பெட்ரோல் தானாக வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும், பிஸ்டன் ஓட்டை விழும். நமக்கு அது பிறவியிலேயே குறைந்திருக்கிறது.

இதைச் செய்யாமல் போன கதையும் இருக்கிறது. 1962-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களைக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கொண்டுவந்தது. அதற்கு முன் கடையில் வாங்கக்கூடிய டர்போ கார் கிடையாது. ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். 3.5 லிட்டர் அலுமினிய வி-8, 215 குதிரைத்திறன். ஏற்கெனவே இருந்த எஞ்சின், கம்ப்ரஷன் 10.25. அதைக் குறைக்காமல் டர்போவை வைத்துவிட்டார்கள். எஞ்சின் தட்டாமல் இருக்க, வடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டப்பாவிலிருந்து காற்றோடு பீய்ச்ச வைத்தார்கள். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று அட்டகாசமாக ஒரு பெயர். கார் வாங்கியவர்கள் பெட்ரோல் போடுவார்கள், ஆயில் பார்ப்பார்கள். இந்த மூன்றாவது டப்பாவை யார் நிரப்புவார்? மறந்துவிட்டார்கள். டப்பா காலியானால் டர்போ அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இருந்தும் தொல்லை தீரவில்லை. இரண்டே வருடத்தில் உற்பத்தி நின்றது. பிறகு கம்பெனியே வண்டிகளைக் கூப்பிட்டு டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. இன்றைக்கு டர்போவோடு மிஞ்சிய ஜெட்ஃபயர் கிடைப்பது அரிது.

அதே வருடம் வந்த இன்னொன்று ஷெவர்லே கார்வேர் மான்சா ஸ்பைடர். 150 குதிரைத்திறன். அதில் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள், உள்ளே பாகங்களைப் பலப்படுத்தினார்கள், டப்பா வைக்கவில்லை. அது சத்தமில்லாமல் சில வருடம் ஓடியது. வரலாற்றுப் புத்தகங்கள் ஜெட்ஃபயரைத்தான் விரித்து எழுதுகின்றன. நான் கார்வேர் பக்கம்.

1973-இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தபோது கம்ப்ரஷனை 6.9-க்கு இறக்கியிருந்தார்கள். 170 குதிரைத்திறன். முன்னால் போகிறவர் கண்ணாடியில் படித்து வழிவிடும்படி 'டர்போ' என்று திருப்பி எழுதி ஒட்டிய கார் அது. எண்ணெய் நெருக்கடி வந்து 1,672 வண்டியோடு நின்றுவிட்டது. 1978-இல் ஸ்வீடனின் சாப் கம்பெனிதான், புகையின் ஒரு பகுதியை வெளியே திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை நன்றாகப் பயன்படுத்தி, தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போகக்கூடிய டர்போ காரைச் செய்தது.

அம்பாசடர்காரர்கள் கவனிக்க வேண்டியது 1982-இல் வந்த எம்.ஜி. மெட்ரோ டர்போ. அதில் பி-சீரிஸின் தம்பியான ஏ-சீரிஸ் 1,275 சி.சி. எஞ்சின். அதே பழைய வடிவமைப்பு, க்ராங்குக்கு அதே மூன்று பேரிங், அதே ஐந்து வாய் ஹெட். 72 குதிரைத்திறனாக இருந்ததை டர்போ போட்டு 93 ஆக்கினார்கள். ஆனால் எஞ்சினை விடுங்கள், கியர்பாக்ஸ் தாங்கவில்லை. வேகம் கூடும்வரை டர்போவின் முழு அழுத்தம் வராமல் அடக்கிவைக்க வேண்டியிருந்தது. கம்பெனியே தன் சொந்த எஞ்சினில், தன் சொந்தத் தொழிற்சாலையில் செய்த வேலைக்கே இந்த வரம்பு.

நம் ஊர் ஆட்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. நடத்தியது 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். பியட், ஹெரால்ட், அம்பாசடர் எல்லாம் ஓடின. அங்கே எஞ்சினைத் தயார் செய்த முறை, ஹெட்டை அரைத்துக் கம்ப்ரஷன் கூட்டுவது, வாய்களைத் தேய்த்து வழவழப்பாக்குவது, கார்புரேட்டர் இரண்டாக்குவது, பிளைவீல் எடையைக் குறைப்பது. எல்லாம் கைவேலை. இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில் டர்போ எல்லாம் தெருப் பட்டறைக்கு எட்டாத பொருள். எட்டாமல் போனது ஒருவிதத்தில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கிறதை வைத்து நன்றாகச் செய்வதில் கைதேர்ந்தார்கள்.

அந்தக் கைத்திறனின் உச்சம் கோவையின் எஸ். கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். பந்தயக்காரர், அதைவிட மேலாக வண்டி செய்பவர். 1980-களின் கடைசியில் அவர் செய்த ஃபார்முலா மாருதி, நம் வீடுகளில் ஓடிய மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினையே ஓர் ஒற்றை இருக்கை பந்தய வண்டியில் வைத்தது. எஞ்சினுக்குச் சக்தி ஏற்றுவதை விட்டு, அது சுமக்க வேண்டிய எடையைக் குறைத்தார். கூரை இல்லை, கதவு இல்லை, பின் சீட் இல்லை. சின்ன எஞ்சினே போதுமானதாகிவிட்டது. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்த பிறகு அந்த வண்டிகளில் ஓட்டிப் பழகிய பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் ஃபார்முலா 1-க்குப் போன நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவைப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது.

சோழவரத்துக்கு வெளியே, சாதாரண ஜனங்கள் பழைய எஞ்சினில் கைவைத்தது வேகத்துக்காக அல்ல, டீசல் விலைக்காக. 1980, 90-களில் நம் மாவட்டத்தில் வாடகைக்கு ஓடிய அம்பாசடர்களில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றியவை உண்டு. உள்ளே உட்கார்ந்தால் பல் கிட்டும். ஆனால் ராமேஸ்வரம் போய்த் திரும்பின. கம்பெனியும் 1990-களில் அம்பாசடருக்கு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியரையும் கொடுத்தது. அதாவது, சக்தி வேண்டும் என்றபோது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பழைய எஞ்சினை ஊதிப் பெருக்கவில்லை, வேறு எஞ்சினைத்தான் வைத்தது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி இதற்கு நேர்மாறாகச் செய்தது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று பளபளக்கும் ரோவர் உடலைக் கொண்டுவந்து, அதற்குள் பழைய வேன்கார்ட் வழி வந்த 2 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். சில வருடத்தில் கதை முடிந்தது.

இப்போது கணக்கு. தம்பி கேட்டது 0.4 பார் அழுத்தம். அதாவது வெளிக்காற்றை விட 40 சதவீதம் கூடுதல். அப்படியானால் 40 சதவீதம் சக்தி என்று நினைத்திருந்தார். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் கடற்கரையில் 35 டிகிரிக் காற்று உள்ளே போனால், ஒரு சராசரி டர்போவிலிருந்து அது 80 டிகிரியைத் தாண்டித்தான் வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடுவதால் உண்மையில் எஞ்சினுக்குள் கூடுதலாகப் போவது சுமார் 20 சதவீதம்தான். ஐம்பது குதிரை அறுபது ஆகும். அந்தப் பத்துக்காக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் புதிதாக வார்க்க வேண்டும். கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். பின்னால் வைத்தால் அழுத்தத்தில் பெட்ரோல் கசியாதபடி அதை அடைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் டர்போ தண்டுக்கு எஞ்சின் ஆயிலிலிருந்து ஒரு குழாய் இழுக்க வேண்டும். வண்டியை நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் ஆயில் கரியாகிப் பேரிங் போய்விடும். காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் வைத்தால் கணக்குக் கொஞ்சம் மேம்படும். ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் அதை வைத்தால் சித்திரை வெயிலில் ரேடியேட்டர் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

எம்.ஜி.ஏ.காரன் இரண்டு கார்புரேட்டரிலும் நல்ல ஹெட்டிலுமே இதைவிட அதிகம் எடுத்தான்.

இதற்கு மேல் பிரேக் இருக்கிறது. அந்த வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஐம்பது குதிரைக்குச் செய்தது. பிறகு நம் உப்புக் காற்று. ஐம்பது வருடமாக இந்தக் கரையில் நிற்கும் வண்டியின் தரைத் தகட்டையும் ஸ்பிரிங் பிடிமானங்களையும் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் வேகத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

சட்டப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தம்பிக்கு இதைவிட முக்கியமானது 2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். மறுபதிவுக்குக் கட்டணம் 5,000 ரூபாய். தமிழ்நாட்டில் 'டி.என். வி.ஏ.' என்று தொடங்கும் தனி எண் கிடைக்கும். நிபந்தனை என்னவென்றால், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்புக்கு மட்டும். 1974 வண்டி இப்போதுதான் அந்த வாசலுக்கு வந்து நிற்கிறது. டர்போவுக்காக மேனிஃபோல்டில் கைவைத்தால் அந்த வாசல் மூடிக்கொள்ளலாம்.

என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. டர்போ ஆசை இருந்தால் பழைய இரும்புக் கடையில் இன்னொரு பி-சீரிஸ் எஞ்சின் வாங்கி அதில் பரீட்சை செய்யட்டும், ஸ்டாண்டில் வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். நானும் வந்து நிற்பேன். தாத்தா வண்டியின் எண் பொறித்த எஞ்சின் அப்படியே இருக்கட்டும். தம்பி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல எஞ்சின் எப்படி இருக்குன்னு பாப்போம் அங்கிள்" என்றார். அது நியாயமான பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை சாயல்குடியிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்து பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தார். ஒன்றும் நான்கும் பரவாயில்லை. நடுவில் உள்ள இரண்டும் மூன்றும் இரண்டுமே இறங்கியிருந்தன. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கினால் பெரும்பாலும் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் அந்த இடத்தில் கேஸ்கெட் கருகியிருந்தது தெரிந்தது. ஹெட்டின் மட்டம் பார்க்க ராமநாதபுரம் லேத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அதுவரை தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய இடத்தில் பானட் திறந்தபடிதான் வண்டி நிற்கும். ஆயில் தரையில் படாமல் அட்டை விரித்திருக்கிறோம். குழந்தைகள் அந்தப் பக்கம் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் மூடிவிடுவார்கள்.